கடைசி மூலைவரை: விடாமுயற்சிப் பாடத்துக்கு ரூபிக்ஸ் க்யூப் தேறுமா?

மூன்றுக்கு மூன்று ரூபிக்ஸ் க்யூபைக் கணக்குக்காகவும் மூளைக்குப் பயிற்சி என்றும் வாங்குகிற பள்ளிகள் உண்டு. இங்கே அதைப் பார்ப்பது வேறு ஒரு வேலைக்காக: 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு காரியம் கையில் உடைந்துபோகும்போது அதைக் கீழே வைத்துவிடாமல் இருக்கப் பழக வேண்டும். அதற்கு இந்தப் பொருள் உதவுமா, உதவுமென்றால் எதை வாங்குவது, எப்படி நடத்துவது?

உதவும். காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. குறுக்கெழுத்தில் நிரப்பிய கட்டம் நிரப்பியபடியே இருக்கும். படத் துண்டுகளை இணைக்கும் புதிரிலும் அப்படித்தான். க்யூபில் முதல் அடுக்கை முடித்துவிட்டு இரண்டாம் அடுக்குக்குப் போக வேண்டுமானால், முடித்த அடுக்கிலிருந்து ஒரு மூலையை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். கட்டியதைக் கொஞ்சம் இடிக்காமல் மேலே கட்ட முடியாது. ஆமை முயல் கதையைப் பத்து வருடமாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். கை அதைத் தானே கண்டுகொள்ளும்.

முதலில் வாங்குவது. இந்தப் பாடம் பாழாவது பெரும்பாலும் கடையில்தான். ஃபேன்சி ஸ்டோரிலும் திருவிழாக் கடையிலும் 50, 100 ரூபாய்க்குத் தொங்கும் க்யூபுகளை வகுப்புக்கு வாங்க வேண்டாம். அவற்றில் அடுக்குகள் மிகச் சரியாக நேர்க்கோட்டுக்கு வந்தால்தான் அடுத்த பக்கம் திரும்பும்; ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் முட்டிக்கொள்ளும். பிள்ளை வலுக்கட்டாயமாகத் திருப்பும்போது மூலைத் துண்டு இருந்த இடத்திலேயே சுழன்றுவிடும், இல்லையென்றால் தெறித்து விழும். ஸ்டிக்கர் ஒரு மாதத்தில் ஓரம் தூக்கும்; தூக்கிய ஸ்டிக்கரைப் பிரித்து ஒட்டிப் பார்க்காத கை கிடையாது. இப்படிப்பட்ட க்யூபைக் கொடுத்துவிட்டு 'விடாதே, முயற்சி செய்' என்று சொல்வது நியாயமில்லை. பிள்ளை போராடுவது புதிரோடு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அது மட்டமான பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

ரூபிக்ஸ் என்ற பெயரோடு வரும் அசல் க்யூப் உறுதியானது, ஆனால் இந்த வேலைக்கு விலை கூடுதல், சுழற்சியும் சற்றே இறுக்கம். பெயருக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வகுப்புக்குப் பொருத்தமானவை கியி வாரியர் எஸ், மோயூ மெய்லாங் போன்ற விலை குறைந்த வேக க்யூபுகள். ஸ்டிக்கர் இல்லாமல் பிளாஸ்டிக்கே நிறத்தோடு வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். கடைக்குக் கடை விலை மாறும். ஒன்றுக்கு 300 ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டால் பெரிதாகத் தவறாது. காந்தம் வைத்த மோயூ ஆர்எஸ்3எம் வகை இன்னும் அருமையாகத் திரும்பும். ஆனால் தொடக்கக்காரருக்கு அந்தச் சொகுசு தேவையில்லை, அந்தப் பணத்தில் கூடுதலாக ஒரு க்யூப் வாங்கலாம். 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பள்ளிக் கணக்கில் வாங்குவோர் பெட்டியில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது தணிக்கையின்போது தலைவலியைக் குறைக்கும்.

எத்தனை வேண்டும்? 40 பேர் வகுப்புக்கு 20, உதிரியாக 2. ஆக 22 க்யூபுக்கு 6,600 ரூபாய். ஆளுக்கொன்று இருந்தால் நல்லதுதான், ஆனால் ஆரம்பத்தில் இருவருக்கு ஒன்று என்பதில் ஒரு வசதி இருக்கிறது: ஒருவர் படியை வாசிக்க, மற்றவர் திருப்பலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணியடித்துக் கைமாற்ற வேண்டும். மணி இல்லாவிட்டால் எந்த ஜோடியிலும் ஒரே பிள்ளைதான் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும், மற்றது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

க்யூபுகள் வந்தவுடன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளைக்கு எதிரே மஞ்சள், நீலத்துக்கு எதிரே பச்சை, சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு. வெள்ளை மேலேயும் பச்சை நம்மைப் பார்த்தும் இருந்தால் சிவப்பு வலப்புறம் இருக்க வேண்டும். மலிவான க்யூபுகளில் இந்த வரிசை மாறியிருப்பதுண்டு. வகுப்பில் இரண்டே இரண்டு அப்படி இருந்தாலும், கரும்பலகையில் நீங்கள் வரைவது அந்த நால்வருக்கு மட்டும் பொருந்தாது. தங்களுக்குத்தான் மூளையில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளை, பெரும்பாலும் பையன், வகுப்பில் ஒருவராவது இருக்கக்கூடும். ஒன்பது ஆரஞ்சுக் கட்டங்களிலும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தால் போதும். எல்லாக் க்யூபிலும் வைத்துவிடுங்கள். ஒன்றில் மட்டும் வைத்தால் அது 'அவனோட க்யூப்' ஆகிவிடும்.

நடுத்துண்டுகளின் மூடியைத் திறந்தால் ஆறு திருகாணிகள் இருக்கும். இறுக்கமாக இருந்தால் ஆறையும் சமமாகக் கால் சுற்று தளர்த்துங்கள். துண்டு தெறித்தால் கால் சுற்று இறுக்குங்கள். ஒன்றை மட்டும் திருகினால் ஒரு பக்கம் லூசாகி அங்கேயே மூலை சுழலும். கரகரத்தால் சிலிக்கோன் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காயெண்ணெய் விடாதீர்கள், நம் வீடுகளில் கைக்கு முதலில் வருவது அதுதான். நாலு நாளில் தூசியைப் பிடித்துக் களியாகிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் கூடாது, பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

இனி பாடம். 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு என்று வைத்துக்கொள்ளலாம், வாரம் ஒன்று. முதல் வகுப்பிலேயே முழுதாகக் கலைத்த க்யூபைக் கொடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கலைத்த க்யூபுக்கு 43-க்குப் பின்னால் இன்னும் 18 இலக்கம் வருகிற அளவு நிலைகள் உண்டு. அதற்குள் ஒரு பிள்ளையைத் தள்ளிவிடுவது நீச்சல் தெரியாதவனைக் கடலில் தள்ளுவது மாதிரி. சேர்ந்த க்யூபைக் கொடுங்கள். பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடிக்கொள்ள, ஒருவர் ஒரே ஒரு திருப்பு திருப்ப வேண்டும். மற்றவர் அதைச் சரிசெய்ய வேண்டும். பிறகு இரண்டு திருப்பு. பிறகு மூன்று. ஒரு திருப்பில் 18 நிலைகள் வரலாம், இரண்டில் 243, மூன்றில் 3,240. ஒன்றில் சிரிப்பார்கள், இரண்டில் யோசிப்பார்கள், மூன்றில் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியில் 15 நிமிடம் வாயைத் திறக்காமல் நிற்பதுதான் ஆசிரியருக்கான சோதனை. சிங்கப்பூரில் ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடங்களில் கல்வி ஆய்வாளர் மனு கபூர் செய்த ஆய்வுகளும் இதையே காட்டின: முதலில் தாங்களாக முட்டிமோதிவிட்டுப் பிறகு விளக்கம் கேட்ட பிள்ளைகள், தொடக்கத்திலேயே விளக்கம் கேட்டவர்களைவிட ஆழமாகப் புரிந்துகொண்டார்கள். கவனிக்க வேண்டியது, முட்டிமோதலுக்குப் பின் விளக்கம் கட்டாயம் வர வேண்டும் என்பது. அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் தவிப்பு.

குறியீட்டை ஆங்கில எழுத்துகளில் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. நான்கு சொல் போதும்: ஏற்று, இடம், இறக்கு, வலம். வலப்பக்கத்தை மேலே ஏற்று. மேல் அடுக்கின் முன்புறத்தை இடப்பக்கம் தள்ளு. வலப்பக்கத்தைக் கீழே இறக்கு. மேல் அடுக்கை வலப்பக்கம் தள்ளு. எல்லாமே கால் சுற்றுதான். சேர்ந்த க்யூபில் இந்த நான்கையும் ஆறு தடவை செய்தால் க்யூப் கலைந்து, கலைந்து, ஆறாவது முடிவில் பழையபடி சேர்ந்துவிடும். இரண்டாம் வகுப்பு முழுவதையும் இதற்கே கொடுக்கலாம். மூன்றாவது தடவையில் 'போச்சு' என்று நிறுத்திவிடுகிறவர்கள் இருப்பார்கள். விடாமல் ஆறுவரை போன பக்கத்துப் பிள்ளையின் க்யூப் சேர்ந்து நிற்பதை அவர்கள் பார்க்க வேண்டும். கைப்பழக்கமும் இதிலேயே வந்துவிடும்.

மூன்றாம் வகுப்பில் சூரியகாந்தி: மஞ்சள் நடுவைச் சுற்றி நான்கு வெள்ளை ஓரத்துண்டுகள் (இரண்டு மூலைகளுக்கு நடுவே இருக்கும் இருநிறத் துண்டுகள்). பிறகு ஒவ்வொரு இதழின் பக்கவாட்டு நிறத்தையும் அதற்குரிய நடுநிறத்தோடு பொருத்தி, அந்தப் பக்கத்தை அரைச்சுற்று திருப்பினால் அடியில் வெள்ளைச் சிலுவை. இங்கே பிசகுவது ஒன்றே ஒன்று: பக்கவாட்டு நிறத்தைப் பார்க்காமல் வெள்ளையை மட்டும் பார்ப்பார்கள். சிலுவை வந்துவிடும், ஆனால் அடுத்த படியில் எதுவும் பொருந்தாது. நான்காம் வகுப்பில் வெள்ளை மூலைகள்: மூலைத்துண்டை அது போக வேண்டிய இடத்துக்கு நேர் மேலே வலது முன்மூலையில் வைத்து, அதே நான்கு சொல். ஒரு தடவை, மூன்று தடவை அல்லது ஐந்து தடவையில் சரியாக உட்காரும்.

ஐந்தாம் வகுப்பு இரண்டாம் அடுக்கு. மேலே சொன்ன இடிப்பு இங்கேதான். ஓரத்துண்டை அது போக வேண்டிய இடத்துக்கு எதிர்த்திசையில் முதலில் ஒதுக்கி, வெள்ளை மூலையை வெளியே எடுத்து, இரண்டையும் ஜோடி சேர்த்து உள்ளே இறக்குவது: மொத்தம் எட்டுத் திருப்பு. நாலாவது திருப்பில் முடித்து வைத்த வெள்ளைப் பக்கம் கண்ணெதிரே உடைந்து நிற்கும். வகுப்பில் பாதிப் பேர் அந்த இடத்தில் பின்வாங்கி, செய்த திருப்பைத் திருப்பிப்போட்டு, எந்தத் திருப்பு என்று மறந்து, மொத்தத்தையும் கலைத்துவிடுவார்கள். அதனால் இந்த வகுப்புக்கு முன்பே பலகையில் எழுதிவிட வேண்டும்: 'நாலாவது திருப்பில் உடையும். எட்டாவதில் சேரும்.' இன்னொரு சின்ன ஏற்பாடு, ஜோடியில் வாசிக்கும் பிள்ளை எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

ஆறாம் வகுப்பு மஞ்சள் சிலுவை: முன்பக்கத்தைக் கடிகாரத் திசையில் கால் சுற்று, பழைய நான்கு சொல், முன்பக்கத்தை எதிர்த்திசையில் கால் சுற்று. அதிகபட்சம் மூன்று தடவை. அதன் ஓரங்களை இடம் மாற்ற 'ஏற்று, இடம், இறக்கு, இடம், ஏற்று, இடம் இடம், இறக்கு' என்று ஒரு பாட்டு. ஏழாவதில் மூலைகளை அவற்றுக்குரிய இடத்துக்குக் கொண்டுபோவது. இதற்கு மட்டும் இடது கையும் வேலை செய்யும், கொஞ்சம் கூடுதல் பயிற்சி வேண்டும்.

எட்டாவது, கடைசிப் படி. இந்தப் பொருளை இவ்வளவு தூரம் பாராட்டுவதே இந்தப் படிக்காகத்தான். மஞ்சள் மேலே இருக்க, தவறாக நிற்கும் மூலையை வலது முன்புறத்துக்குக் கொண்டுவந்து 'இறக்கு, அடி இடம், ஏற்று, அடி வலம்' என்று செய்ய வேண்டும். இடமும் வலமும் இப்போது அடி அடுக்குக்கு. இரண்டு அல்லது நான்கு தடவையில் மஞ்சள் மேலே வரும். அப்போது கீழே பார்த்தால் இரண்டு அடுக்கும் குப்பை. அடுத்த தவறான மூலையை மேல் அடுக்கை மட்டும் திருப்பி அதே இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி செய்ய வேண்டும். கடைசி மூலை திரும்பும் அந்த ஒரு கணம்வரை க்யூப் கெட்டுப்போனதாகவே தோன்றும். பிறகு எல்லாம் ஒரேயடியாகச் சேரும். ஏழு வாரம் பாடுபட்ட பிள்ளை கண்ணெதிரே பாழாவதைப் பார்த்துக்கொண்டு முறையை நம்பிக் கையை நகர்த்த வேண்டும்.

இங்கே இரண்டு பிசகு வரும். மூன்றாவது திருப்பிலேயே மஞ்சள் மேலே வந்துவிடுவதால் 'அடி வலம்' என்ற நாலாவதை விட்டுவிடுவார்கள். முடிந்துவிட்டது என்ற அவசரம். அல்லது மேல் அடுக்கைத் திருப்புவதற்குப் பதிலாக க்யூபையே கையில் திருப்பிப் பிடித்துவிடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் மூன்றாம் வகுப்பின் வெள்ளைச் சிலுவையிலிருந்து மறுபடி வர வேண்டும். வரட்டும். ஆனால் அதே பாடவேளையில் முடிக்கச் சொல்லி நெருக்காதீர்கள். ஒன்பதாவது, பத்தாவது பாடவேளைக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கி வையுங்கள்.

எவ்வளவு முயன்றாலும் சேராத க்யூப் என்று ஒன்று உண்டு. இதைத் தெரியாத ஆசிரியர் கையில் இந்தப் பாடம் கொடுமையாகிவிடும். துண்டுகளைக் கழற்றிக் கண்டபடி பூட்டினால் பன்னிரண்டில் ஒன்றுதான் சேரக்கூடிய நிலையில் அமையும். மீதிப் பதினொன்றும் எந்த மேதைக்கும் சேராது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய க்யூப் அண்ணன் கையில் பிரிந்து வருவது சாதாரணம். கண்டுபிடிப்பது எளிது: மஞ்சள் சிலுவைப் படிக்கு வரும்போது மேலே மஞ்சளாக நிற்கும் ஓரங்கள் பூஜ்யம், இரண்டு அல்லது நான்காக மட்டுமே இருக்க முடியும். ஒன்றோ மூன்றோ இருந்தால் ஓர் ஓரத்துண்டு தலைகீழாகப் பூட்டப்பட்டிருக்கிறது. எல்லாம் முடிந்து ஒரே ஒரு மூலை மட்டும் திரும்பி நின்றால் அது தானாகச் சுழன்ற மூலை. கையால் திருகிச் சரிசெய்யலாம். ஓரத்துண்டுக்கு மேல் அடுக்கை 45 பாகை திருப்பிக் கட்டைவிரலால் நெம்பி எடுத்துத் திருப்பிப் போட வேண்டும். இந்தச் சோதனையைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். 'என் பிழையா, க்யூபின் கோளாறா' என்று கேட்டுப் பார்க்கத் தெரிந்த பிள்ளை வீணாகத் தன்னை நொந்துகொள்ளாது.

ஏற்கெனவே யூடியூபில் கற்றுக்கொண்டு 40 விநாடியில் சேர்க்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும். அதை முதல் நாளே செய்துகாட்டச் சொன்னால் மற்ற 39 பேரும் சுருங்கிவிடுவார்கள். அதன் கையில் திருகாணி வேலையைக் கொடுங்கள், மகிழ்ச்சியாகச் செய்யும். ஸ்டாப்வாட்சைப் பத்து வாரமும் மேசைக்குள் வைத்திருங்கள். 'கெட்டிக்காரி' என்ற சொல்லையும். உளவியலாளர்கள் முல்லரும் ட்வெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து வந்த கடினமான புதிர்களில் தளர்ந்தார்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் நீடித்தார்கள். இங்கே சொல்ல வேண்டியதும் துல்லியமாக இருக்க வேண்டும்: 'நாலாவதில் உடைஞ்சும் எட்டுவரை எண்ணினே பாரு' என்பதுபோல. நோட்டில் தேதி, எந்தப் படி, எத்தனையாவது திருப்பில் உடைந்தது, ஏன் என்று நாலு கட்டம் போட்டு எழுதவைத்தால், ஐந்தாவது வாரத்தில் தன் தவறு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருவதை அதுவே பார்த்துவிடும்.

கதை வேண்டுமென்றால் இரண்டு உண்மைக் கதைகள். புடாபெஸ்டில் ஆசிரியராக இருந்த எர்னோ ரூபிக் 1974-இல் இதைச் செய்துவிட்டுத் தன் கையால் கலைத்ததைச் சேர்க்க அவருக்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஆட்டிசம் உள்ள மேக்ஸ் பார்க்குக்கு விரல் பயிற்சிக்கு உதவும் என்று பெற்றோர் க்யூபைக் கொடுத்தார்கள். 2023 ஜூனில் அவர் 3.13 விநாடியில் சேர்த்து உலக சாதனை படைத்தார். இரண்டாவதைச் சொல்லும்போது கவனம்: 'அவரே செய்யும்போது உனக்கென்ன' என்ற தொனி வந்தால் கதை கெட்டது.

பெட்டியில் எழுதியிருக்கும் மற்ற வாக்குறுதிகளுக்கு மதிப்பெண் கிடையாது. க்யூபில் விடாமல் நின்ற பிள்ளை பின்னத்திலும் விடாமல் நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த் 2007-இல் முன்வைத்த 'க்ரிட்' (நெடுநாள் இலக்கை விடாமல் பற்றி நிற்கும் குணம்) என்ற சொல்லைப் பள்ளிகள் இறுகப் பிடித்துக்கொண்டன. 2017-இல் அதுவரையிலான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், உளவியல் முன்பே அளந்துவந்த கடமையுணர்வு என்ற குணத்திலிருந்து அது பெரிதாக வேறுபடவில்லை என்றார்கள். மேலும், எவ்வளவு கலைந்த க்யூபும் 20 திருப்புக்குள் சேரக்கூடியது என்று 2010-இல் கணினி வைத்து நிறுவிவிட்டார்கள். அப்பா வேலை இழந்த வீட்டுக்கு அப்படி ஒரு உத்தரவாதம் கிடையாது. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை க்யூபைக் கீழே வைத்தால் அதற்கு வேண்டியது சாப்பாடு, விடாமுயற்சிப் பாடம் அதன் பிறகு.

பத்து வாரத்துக்குப் பிறகும் சிலர் முழுதாகச் சேர்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகவே ஒரு முடிவு வைத்துக்கொள்ளலாம்: க்யூப் ஓவியம். ஒரு க்யூபின் முகம் ஒன்பது நிறப்புள்ளி. நாலு வரிசைக்கு ஐந்தாக 20 க்யூபை அடுக்கினால் நீளத்தில் 15, உயரத்தில் 12 என்று 180 புள்ளி. வெள்ளைப் பின்னணியில் சிவப்பாக ஓர் 'அ' எழுத அது போதும். இதற்கு ஒரு முகத்தில் வேண்டிய நிறங்களைக் கொண்டுவரத் தெரிந்தால் போதும், நாலாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளையும் தன் க்யூபைக் கொண்டுவந்து வைக்கலாம். வரைபடத்தைக் கட்டம் போட்ட தாளில் முதலில் வரைந்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்பது கட்டத் துண்டாக வெட்டிக் கொடுத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து அதன்மேல் அடுக்கினால் சரியாது. மேசை விளிம்பில் அடுக்கினால் யாராவது ஒருவர் இடித்துவிடுவார்.